ஒரே காரில் நாலு விதி: கடற்பாலத்தின் இரு முனை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் இருக்கும் அதிகாரிகளுக்கும், எதிர்ப்பக்கம் மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நெரிசலைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. பள்ளி விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து வந்தால் ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் இந்த இரண்டு நிலவழிகளில் போய் வருகிறார்கள், கார் வரிசையில் 3 மணி நேரம்வரை நிற்க வேண்டியிருக்கும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறீர்கள். தெரிந்துதான் வருகிறோம். 1 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளத்தில் 1924-இல் திறந்துவைத்த உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் மேல் இவர்களில் பெரும்பாலோரை ஏற்றிவிட்டு வேகமாகப் போ என்றால் அதிகாரி என்ன செய்வார், பாவம்.

நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் ஆளைப் பார்த்து விதி எழுதுகிறீர்கள், நாங்கள் காராக வருகிறோம்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சாதாரணமாக நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி. மனைவியும் பிள்ளையும் சிங்கப்பூர்க் குடிமக்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, வருகை அனுமதியில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று கிளம்புகிறார்கள். இதில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் தலை சுற்றும்.

மலேசியாவுக்குள் நுழைய மின்னிலக்க வருகை அட்டை இருக்கிறதே, அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. ஆகவே மனைவிக்கும் பிள்ளைக்கும் வேண்டாம், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கணவருக்கு வேண்டும், பின்சீட்டுத் தாத்தா பாட்டிக்கும் வேண்டும், அதையும் போகும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள்தான் நிரப்ப வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசிய விசா வேண்டாம் என்றானது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதியில் இந்தப் பக்கத்து விசாவை மறந்துவிடுபவர்கள் உண்டு. தாத்தா பாட்டியின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்று கிளம்பும் முன்னேயே பார்த்தாக வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினாலும் அது புது வருகைதான். அதனால் அவர்கள் இருவரும் சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும், விமான நிலையத்தில் வந்திறங்கியபோது நிரப்பியது செல்லாது. கணவருக்கு அது வேண்டாம், நிலவழியாகத் திரும்பும் நிரந்தரவாசிக்கு விலக்கு உண்டு, ஆனால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

இது ஆட்களுக்கு மட்டும். காருக்குத் தனிக் கணக்கு. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, கண்ணாடியில் ஒட்டும் வில்லையோடு. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளிவரை போகும். அங்கே போய் ரோன்95 பெட்ரோல் போடக்கூடாது, அது 2010-லிருந்தே வெளிநாட்டு வண்டிகளுக்குத் தடை. அது நியாயமும்கூட, அந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து விற்கும் பெட்ரோலை நாம் ஏன் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்?

தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதியிலும் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம், இவை சிதறிக் கிடக்கும் விதத்தோடுதான். ஆளுக்கு ஒரு துறை, வண்டிக்கு இன்னொரு துறை, அதிலும் நாட்டுக்கு ஒன்று. தன் விதியை எல்லோரும் ஒழுங்காகத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள், ஆனால் எதிர்ப்பக்கத்து விதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எதையாவது விட்டுவிட்டால் அது தெரியவருவது வரிசையில் நின்று முகப்புக்கு வந்த பிறகு. அங்கே ஒருவருடைய அட்டை இல்லை என்றாலும் நிற்பது முழுக் காரும், அதோடு பின்னால் நிற்கும் அத்தனை காரும்.

இன்னொன்று. இரண்டு வருகை அட்டைகளும் இலவசம். ஆனால் இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி, அட்டை நிரப்பித் தருவதாகப் பணம் கேட்கும் தளங்களும் வந்து நிற்கின்றன. எச்சரிக்கை விடுகிறீர்கள், சரி. ஊரிலிருந்து வந்த பெரியவருக்கு அந்த எச்சரிக்கை எங்கே போய்ச் சேரும்? சரியான முகவரி ஒன்றே ஒன்றுதான், அதற்கு வெளியே எதையும் நம்பாதே என்று சொல்லும்படி இருந்தால்தான் அது அவர் மனதில் நிற்கும்.

காரை ஒரு கணக்காக எடுத்துக்கொள்வது நடக்காத காரியமும் இல்லை. 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸில் கடப்பிதழுக்குப் பதிலாகக் காட்டும் கியூஆர் குறியீடு வந்ததே, அதில் 10 பேர்வரை ஒரே குழுவாகச் சேர்த்து ஒரு குறியீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். கடப்பிதழ்களை அடுக்கி ஜன்னல் வழியாக நீட்டி, அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டி, பின்கண்ணாடியை இறக்கி முகம் காட்டி, அதெல்லாம் எவ்வளவு குறைந்துவிட்டது! முதல்முறை வருபவர் மட்டும் கடப்பிதழைக் காட்டட்டும், அதில் தப்பில்லை. ஜோகூர்ப் பக்கமும் கியூஆர் சோதனை நடத்தினார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு இரண்டு நாடும் கையெழுத்திட்டபோது, கடப்பிதழ் இல்லாமல் கடப்பதும் பேச்சில் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஓரடி வைக்கலாம்.

நான் கேட்பது ஓர் இணையப் பக்கம், ஒரே ஒரு பக்கம். காரின் பதிவெண்ணைப் போட்டு, உள்ளே உட்காரப்போகிறவர்கள் எந்த நாட்டுக் கடப்பிதழ், என்ன அனுமதி என்று குறித்தால், இவருக்கு இது வேண்டும், இவருக்கு வேண்டாம், வண்டிக்கு இது பாக்கி என்று அது சொல்ல வேண்டும். அங்கிருந்தே இரண்டு நாட்டு அட்டைகளையும் நிரப்ப முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு அரசாங்கத்தின் கணினிகளை இணைப்பது லேசான வேலை இல்லை, தகவல் பாதுகாப்பு என்று ஆயிரம் இருக்கும், புரிகிறது. அது தாமதமானால் பரவாயில்லை, பட்டியலை மட்டுமாவது முதலில் கொடுங்கள். அதற்கு யாருடைய கடப்பிதழ் எண்ணும் தேவையில்லை.

எல்லை தாண்டும் புது ரயிலில் இதைச் செய்துதானே காட்டப் போகிறீர்கள்? ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் நடுவில் 5 நிமிடப் பயணம், இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கினால் நேரே நடந்து வெளியே போகலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் ரயில் ஓட ஆரம்பித்ததும் கார்க்காரர்கள் தானாகக் குறைந்துவிடுவார்கள், அதுவரை இப்படியே ஓட்டலாம் என்று இதை ஒத்திப்போட்டுவிடாதீர்கள். தினமும் வேலைக்குப் போய் வருபவர் ரயிலுக்கு மாறுவார். முட்டி வலிக்கும் பாட்டி, கைக்குழந்தை, கோயிலுக்குக் கொண்டுபோகும் பழத்தட்டு, திரும்பும்போது ஏறும் மளிகை மூட்டை, இவையெல்லாம் காரில்தான் வரும்.

நான் கேட்ட இணையப் பக்கம் தயாராகும்வரை ஒரு சின்ன வேலை செய்யலாம். இருபக்க விதிகளையும் ஒரே தாளில் அச்சடித்து, எல்லைக்குப் போகும் வழியில் கடைசியாக வரும் பெட்ரோல் நிலையங்களில் ஒட்டுங்கள். முக்கால் தொட்டி நிரப்ப எல்லோரும் அங்கே எப்படியும் நிற்கிறோம்.