மியூசியம் திருப்பணி நிறைவு அறிக்கை: ஏசி ஏன் போடல?

மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம், நம்ம யுனிவர்சிட்டி மியூசியத்துல மாடி ஒழுகல அடைக்கற வேலை முடிஞ்சிடுச்சி. "இவ்ளோ வசூல் பண்ணி ஒரு ஏசி கூட போடலியே"ன்னு குரூப்ல கேட்டவங்களுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

ஏசி போட்டா சாயங்காலம் ஆபீஸ் பூட்டறப்ப ஆஃப் பண்ணிடுவாங்க, யுனிவர்சிட்டி கரண்ட் பில் அப்படி. பகல்ல ஜில்லுன்னு வெச்சி ராத்திரி வெக்கையில விட்டா காத்துல ஈரம் ஏறி எறங்கி தஞ்சாவூர் படத்தோட பலகை வளைஞ்சி சுண்ணாம்புப் பூச்சு வெடிச்சி தங்க ரேக்கு உரிஞ்சி வந்துடும், அதுக்கு சும்மா வெச்சிருக்கறதே மேல். வெளிநாட்டு பெரிய மியூசியங்களே இப்ப 16-25 டிகிரி, ஈரப்பதம் 40-60 சதவீதம்னு தளர்த்திட்டாங்க. அக்னி நட்சத்திரத்துல 40 தாண்டற ஊர்ல 25 டிகிரி நடக்காது, ஈரத்தையாவது புடிப்போம்னுதான் மாடியில கை வெச்சோம். 2021 நவம்பர்ல பாலாறு கரைபுரண்டப்ப சுவடி பீரோ மேல ஒழுகினது மறந்துபோச்சா?

இப்ப காண்ட்ராக்டர் கதை. மொட்டை மாடியில கூலிங் டைல்ஸ் (வெயில் சூட்ட குறைக்கற ஓடு) ஒட்டிட்டு பில்லோட வந்துட்டாரு. ஒழுகுதான்னு மாடியில தண்ணி கட்டி நிறுத்திப் பாத்துட்டுதான் செக் குடுப்போம்னு சொன்னோம், "என் சர்வீஸ்ல யாரும் இப்படி கேட்டதில்ல"ன்னு கத்தினாரு. தண்ணிய கட்டி நிறுத்தினோம், மறுநாள் காலைல சீலிங்ல ஓதம். மழைத்தண்ணி பைப் வாயைக் கொத்திப் பாத்தா உள்ள சாக்குத்துணிய சுருட்டித் திணிச்சி மேல சிமெண்ட் பூசி வெச்சிருக்கு! கேட்டா அது பழைய பைப்பாம், எஸ்டிமேட்ல இல்லியாம். எஸ்டிமேட்ல "பைப் வாய் உட்பட"ன்னு எழுதி அவரே கையெழுத்து போட்டிருக்காரு, ஜெராக்ஸ் எங்ககிட்ட இருக்கு. ஆள இறக்காம இழுத்தடிச்சாரு, மழை வேற நெருங்குது, வேலூர் சத்துவாச்சாரி மேஸ்திரி ஒருத்தர வெச்சி நாங்களே முடிச்சோம், அதான் கணக்குல இருக்கற அந்த கூடுதல் 85 ஆயிரம் ரூபா. முதல் ஆளோட கடைசி பில்லுல அத புடிச்சிட்டோம், கேஸ் போடறேன்னாரு, போடட்டும்.

ஜன்னலுக்கு ஷட்டர், ஈரம் பாக்கற மீட்டர், ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல், கீழ்த்தட்டு சுவடிங்கள மேல ஏத்தினது எல்லாம் ஆச்சி.

குடுத்தவங்க: ராணிப்பேட்டை தோல் ஷாப் முதலாளி, ஆரணி பட்டு ஜவுளிக்காரர், குடியாத்தம் லுங்கி வியாபாரிங்க ரெண்டு பேரு, காட்பாடி ரைஸ்மில்காரர், ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் பழைய மாணவருங்க, ரிட்டயர்டு லைப்ரரியன் அம்மா, பேர் போட வேணாம்னு சொன்ன ஒருத்தர். குரூப்ல அதிகமா கேள்வி கேட்ட யாரும் இந்த லிஸ்ட்ல இல்ல, சும்மா சொன்னேன். கணக்கு நோட்டும் பில்லும் மியூசியம் ஆபீஸ்ல இருக்கு, வேலை நாள்ல வந்து யாரும் புரட்டிப் பாக்கலாம்.