பிடித்த பாம்பு விடியும்வரை எங்கே இருக்கிறது? தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டின் குளியலறைக்குள் நல்லபாம்பு புகுந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போகும். இல்லையென்றால், தெருவில் யாரோ ஒருவர் செல்போனில் சேமித்து வைத்திருக்கும் பாம்பு பிடிக்கிற இளைஞரின் எண்ணுக்குப் போகும். அவர் வந்து பிடித்துவிடுவார். வீட்டுக்காரர்கள் நன்றி சொல்லி, பெட்ரோல் செலவுக்கு இருநூறோ முந்நூறோ கொடுப்பார்கள். ஊரைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்தது. என் கவலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் காட்டுக்குப் போக முடியாது. பாம்பு அவருடைய வீட்டுக்குப் போகிறது.

பாம்பு மீட்பில் இருக்கும் இளைஞர்களோடு நெடுநாளாகப் பழகுகிறவன் நான். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கும், உள்ளே கண்ணாடி விரியன். பக்கத்தில் ஒரு பையில் சாரை. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்காது. பிடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெளியே போயிருக்கும்போது அக்கா மகன் மூடியைத் திறந்துவிட்டால், எந்தப் பாம்பு கடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லக்கூட வீட்டில் ஆள் இருக்காது. ஒரே ஒரு பாம்புக்காக அவ்வளவு தூரம் வண்டியில் போய்வரக் கட்டுப்படியாகாது, நாலைந்து சேரட்டும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக விட்டுவிடலாம் என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பிடித்த பாம்பை எதில் வைப்பது, எத்தனை மணி நேரம் வைப்பது, யாரிடம் சொல்வது என்று எழுதப்பட்ட ஒரு தாளை அவர்களில் ஒருவர் கையில்கூட நான் பார்த்ததில்லை.

சட்டத்தைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: யாரும் வைத்திருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதே வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். தண்டனை மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை. இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான், அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்க எழுத்துமூலம் அனுமதி தரும் அதிகாரத்தை உங்கள் பதவிக்குத்தான் கொடுத்திருக்கிறது. பிடித்ததைத் திரும்பக் காட்டில் விட முடியாது என்று உங்களுக்கு உறுதிப்பட்டால் ஒழிய அடைத்து வைக்கக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது. ஆக, பிடிக்க வழி இருக்கிறது, வைத்திருக்கத் தடை இருக்கிறது. பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடையிலான அந்த ஓர் இரவைப் பற்றி, அந்த இளைஞருக்குப் புரியும் தமிழில், யாராவது எழுதித் தர வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

விஷப்பாம்பை ஒழுங்காக வைத்துப் பராமரிப்பது எப்படி என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனால் போதும். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் அந்த மக்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுக்கும் தொழிலாக அதை மாற்றினார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க நஞ்சு எடுப்பதற்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை உங்கள் துறைதான் உத்தரவு போட்டுத் தீர்மானிக்கிறது.

அங்கே வேலை நடக்கும் விதம்தான் எனக்கு முக்கியம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு இனம் மட்டும். மண்பானையில் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மூன்று நாலு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு தரம் நஞ்சு எடுக்கிறார்கள். அப்புறம் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி அதே பாம்பு கிடைத்தால் அடையாளத்தைப் பார்த்து, எடுக்காமல் விடுவதற்காக அந்த வெட்டு. இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் நஞ்சில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்து போனதுதான். கணக்கு, கால வரம்பு, அடையாளம், திரும்ப விடுதல் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. 2023-இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாடே கைதட்டியது. அவர்கள் அறிவை ஒரு விதிமுறையாக எழுதி மாநிலம் முழுக்கக் கொண்டுபோனால் அது இன்னும் பெரிய மரியாதை.

கணக்கில்லாமல் பாம்பு கைமாறினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மாநிலம் பார்த்துவிட்டது. 2020-இல் கொல்லம் மாவட்டம் அஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் நல்லபாம்பு கடித்து இறந்தார். அதற்கு முன்பே ஒரு விரியன் கடித்து, சிகிச்சை முடிந்து தாய்வீட்டில் தேறிக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு பாம்பையும் ஒரு பாம்பு பிடிப்பவரிடம் காசு கொடுத்து வாங்கி வந்தது கணவன் என்று விசாரணையில் தெரிந்தது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பிடித்த பாம்பு எங்கே போனது என்று கேட்க ஒரு பதிவேடு இருந்திருந்தால், விற்றவர் ஒரு கணமாவது யோசித்திருப்பார். அதே 2020-இல் கேரள வனத்துறை பயிற்சி, சான்றிதழ், பாம்பு மீட்புக்கான சர்பா செயலி என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பாம்பு பிடிக்கிறவர் யார் என்று அங்கே துறைக்குத் தெரியும்.

தனியார் விஷப்பாம்பு வளர்ப்பதைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. நமக்கு அது வேண்டாம். ஆனால் அவர்கள் விதி எழுதும் விதத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் விஷப்பாம்புக்கு உரிமம் கேட்பவர் ஆயிரம் மணி நேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும், மேலே பெயர் எழுதியிருக்க வேண்டும். தப்பினால் உடனே சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி எவ்வளவு அவசியம் என்பதற்கு வட கரோலினாவின் ராலே நகரம் சாட்சி. 2021 ஜூனில் ஒரு வீட்டு வாசலில் வரிநாகம் ஒன்று, நஞ்சைத் துப்பும் ஆப்பிரிக்க இனம், படுத்திருந்ததைப் பார்த்துத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. வளர்த்தவர் வீட்டிலிருந்து அது முந்தைய நவம்பரிலேயே காணாமல் போயிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நம் இளைஞர்களும் சொல்ல மாட்டார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்தப் பயம்தான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. டப்பாவிலிருந்து கட்டுவிரியன் நழுவிப் போனால், பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவர் விடிவதற்குள் மூச்சு விட முடியாமல் போய்விடுவார். தனக்கே கடிபட்டாலும் வழக்கு வரும் என்று தயங்கித் தயங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக, அதாவது ஒவ்வொரு கடியையும் மருத்துவமனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது நல்ல காரியம். கடிபட்டவர் உண்மையைச் சொல்லும் சூழல் இருந்தால்தான் அந்தக் கணக்கு முழுமையாகும்.

அதனால் நான் கேட்பது இவை. மீட்புப் பணியில் இருப்பவர்களை மாவட்ட வன அலுவலர் பெயர் பதிந்து, பயிற்சி கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அடையாள அட்டை தரட்டும். பிடித்த உடனே இடம், நேரம், இனம், படம் நான்கும் வனச்சரகருக்குப் போய்ச் சேர வேண்டும். கொக்கி, துணிப்பை, பூட்டுப் போட்ட கெட்டியான பெட்டி ஆகியவற்றைத் துறையே கொடுக்கட்டும். சொந்தக் காசில் வாங்கச் சொன்னால் பழையபடி தண்ணீர் பாட்டில்தான் வரும். பெட்டி மேல் இனத்தின் பெயரும் பிடித்த நேரமும் இருக்க வேண்டும். பாம்பு இரவு தங்க வேண்டும் என்றால் ஆள் வசிக்கும் வீட்டில் வேண்டாம். வனச்சரக அலுவலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ பூட்டிய அறை ஒன்று போதும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு பாம்பும் அங்கே இருக்கக் கூடாது. காயம்பட்டது மட்டும் கால்நடை மருத்துவரிடம் போகட்டும்.

விடும் இடத்தையும் துறைதான் சொல்ல வேண்டும். தொலைவில் ஒரு காட்டைத் தேடிக் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று பலர் நம்புகிறார்கள். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ரேடியோ கருவி பொருத்திப் பார்த்தபோது, இடம் மாற்றி விடப்பட்ட ராஜநாகம், சொந்த இடத்தில் இருந்ததைவிட அதிகமாக அலைந்தது. தெரியாத இடத்தில் அலையும் பாம்பு இன்னொரு ஊருக்குள் நுழையும், அடிபடும். பிடித்த இடத்துக்கு அருகிலேயே, வீடுகள் இல்லாத புதர்ப் பகுதியில் விடுவதுதான் நல்லது. இதற்கு பெட்ரோலும் குறைவு.

வித்தை காட்டுவதை நிறுத்தவும் இந்த அட்டையே பயன்படும். பிடித்த நல்லபாம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் முன்னால் படமெடுக்க வைப்பது, வீடியோவுக்காக வாலைப் பிடித்துத் தூக்குவது இதெல்லாம் விழிப்புணர்வு என்ற பெயரில் நடக்கிறது. செய்தால் அட்டை போகும் என்று இருக்க வேண்டும். நான் மதிக்கும் சில நண்பர்களுக்கு இந்த வரி பிடிக்காது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

உரிமம் கொடுத்தால் அதையே சாக்காக வைத்து ஆசைக்கு வளர்க்கிறவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். நான் கேட்பது வளர்க்கும் உரிமை இல்லை. எத்தனை மணி நேரம், எந்தப் பெட்டி, எந்தச் சாவி என்று வரம்பு கட்டிய ஒரு பொறுப்பு. அட்டை இல்லாமல் ஒரு டப்பாவில் பாம்பு இருந்தால் அது குற்றம் என்று அப்போதுதான் தயங்காமல் சொல்ல முடியும். இப்போது நல்லவரையும் விற்பவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

இன்னொன்று. அட்டை வாங்கியவர் கடிபட்டால் சிகிச்சைச் செலவும், உயிர் போனால் குடும்பத்துக்கு இழப்பீடும் அரசு ஏற்க வேண்டும். நம் விஷமுறிவு மருந்து, இருளர்கள் நஞ்சு எடுக்கும் அந்த நாலு இனத்துக்கானது; நீலகிரியிலும் வால்பாறையிலும் இருக்கும் குழிவிரியன்களுக்குப் பொருந்தாது என்பதையும் மலைப்பகுதியில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அழைப்புகள் கூடிவிடும். அதற்குள் ஒரு வரைவாவது வெளியிடுங்கள். அதை எழுதும் மேசையில் வடநெம்மேலி இருளர்கள் இரண்டு பேரும், ஒரு தீயணைப்பு வீரரும், பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் அரசு மருத்துவரும், இரவில் போன் எடுக்கும் மீட்பர்கள் சிலரும் இருக்கட்டும். வரைவு வந்தால் எங்கள் ஊர் மீட்பர்களோடு உட்கார்ந்து படித்து, வரிவரியாகக் கருத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பாம்பு மீட்பர்களின் நண்பன் ஒருவன்