டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீட்டை அனுப்பி வைக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள், முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேன்டீனுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டை ஒட்டிய வீடு எங்களுடையது, தங்களுக்குத் தெரிந்த இடம்தான். என் கணவர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து 2017-ல் ஓய்வு பெற்றவர். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடி எழுதுகிறேன்.

1. சேரும்போது காதில் ஒரு குறையும் இல்லை. ஷேப்-1, அதாவது உடம்பில் எந்தக் குறையும் இல்லை, என்று எழுதித்தான் எடுத்தார்கள்.

2. 1999 கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தார். ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு செவித்திறன் குறைவு 20 சதவீதம் என்று போட்டது. பென்ஷனுக்கு அந்த 20 போதும். ஆனால் அதற்குக் கீழேயே 'பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை' என்று எழுதிவிட்டார்கள், அதனால்தான் டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை. பிறகு எதனால் வந்ததாம், எங்கள் வீட்டு மிக்ஸியாலா?

3. ரயில் ஹாரனே அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை, ஆனால் ராத்திரி முழுக்கக் காதுக்குள் ஙொய்யென்று இரைச்சல், தூக்கமில்லை. அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார், கேட்டுக்கு வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தது கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மகள் போனில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறாள், இவர் "சந்தோஷம்மா" என்கிறார். அவள் அழுதுவிட்டாள். அதிலிருந்து போனையே தொடுவதில்லை ஐயா, மணி அடித்தால் என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

4. காயம்பட்டதற்கான ரிப்போர்ட் கொண்டுவா என்கிறார்கள். குண்டு பட்டிருந்தால் தேதி இருக்கும், காது எந்தத் தேதியில் போனது என்று யார் எழுதி வைப்பார்கள்? சேரும்போது குறை இல்லையென்றால் பின்னால் வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 2013-லேயே தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறமும் எங்களிடமே ஆதாரம் கேட்டால் என்ன அர்த்தம்? சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போங்கள் என்கிறார்கள் கவுண்டரில். வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது?

5. மெடிக்கல் போர்டு நகலை வாங்கிக் கொடுங்கள். எங்கள் மேல்முறையீட்டைத் தங்கள் கடிதத்துடன் அவருடைய பணி ஆவணங்கள் இருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அனுப்புங்கள்.

தயவுசெய்து அனுப்பி வையுங்கள் ஐயா. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தாரின் மனைவி