மெட்ரோபோல் ஓட்டலின் விடுபட்ட நாற்பது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான வியட்நாம் தலைநகர் ஹனோய் பற்றிய பயணக் கட்டுரையில் மெட்ரோபோல் ஓட்டலைப் பற்றிய பகுதியை ஆவலுடன் படித்தேன். வெள்ளைச் சுவர்களும் பச்சைச் சன்னல் கதவுகளும் கொண்ட அந்தக் கட்டடம் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 1901-இல் திறக்கப்பட்டதையும், 1936-இல் சார்லி சாப்ளினும் பாலெட் கொடார்டும் தேனிலவுக்கு அங்கு வந்ததையும், ஆங்கில எழுத்தாளர்கள் சாமர்செட் மாம், கிரகாம் கிரீன் ஆகியோர் பெயரில் சொகுசு அறைகள் இருப்பதையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். பிறகு ஒரே தாவலில் 1992-க்கு வந்து, ஓட்டல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டதாகச் சொல்லி முடித்துவிட்டார். இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு அவர் ஒதுக்கியிருப்பது, போர்க்காலத்தில் பொலிவிழந்து கிடந்தது என்ற ஒரு வரி மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன், மகன் செய்துகொடுத்த ஏற்பாட்டால், மனைவியோடு அங்கே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. (அந்த வாடகை என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகிற ஒன்றல்ல.) அங்கே அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோயிருப்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓட்டல் இருக்கும் ங்கோ குயென் சாலையின் எதிர்ப்புறத்தில் பழைய மாளிகை ஒன்று நிற்கிறது. டோங்கின் எனப்பட்ட வட வியட்நாம் பகுதியை நிர்வகித்த பிரெஞ்சு அதிகாரிக்காகக் கட்டப்பட்ட அதனை 1945 ஆகஸ்ட் 19 அன்று மக்கள் திரண்டு கைப்பற்றினார்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோ சி மின் சுதந்திர அரசின் தொடக்க மாதங்களில் அங்கிருந்துதான் பணியாற்றினார். 1946 டிசம்பரில் பிரெஞ்சுப் படையோடு போர் மூண்டபோது அந்த மாளிகையிலேயே கடும் சண்டை நடந்தது. சாப்ளின் தம்பதியர் தங்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தவை இவை. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறியபின் ஓட்டல் அரசின் கைக்கு வந்து, ஒன்றிணைவு என்று பொருள்படும் தோங் ந்யாத் என்ற பெயரைப் பெற்றது. அதன்பின் அங்கே தங்கியவர்கள் தேனிலவுக்காரர்கள் அல்லர். தூதரக அலுவலர்களும் பத்திரிகையாளர்களும் வடவியட்நாம் அரசின் விருந்தினர்களுமே.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ். 1972 டிசம்பரில், அமெரிக்கப் போர்க்கைதிகளுக்கான கடிதங்களோடு ஹனோய் வந்த சிறு குழுவில் அவர் இருந்தார்; நாஜிகளின் போர்க்குற்றங்களுக்கான நூரெம்பர்க் விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக வாதாடிய டெல்ஃபோர்ட் டெய்லரும் உடன் வந்திருந்தார். அவர்கள் அங்கிருந்தபோதே, டிசம்பர் 18 அன்று, அமெரிக்காவின் பி-52 போர் விமானங்களின் குண்டுவீச்சு தொடங்கியது. கிறிஸ்துமஸ் நாள் மட்டும் ஓய்ந்திருந்த அது 29-ஆம் தேதிவரை நீடித்தது. பாக் மாய் மருத்துவமனை இடிந்தது. காம் தியென் தெரு தரைமட்டமானது. ஹனோயிலும் ஹைஃபோங்கிலும் 1,600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாக வியட்நாம் அரசு கணக்கிட்டது. அபாயச் சங்கு ஒலிக்கும்போதெல்லாம் ஓட்டலில் இருந்தவர்கள் அதன் பின்புறத் தோட்டத்துக்குக் கீழே இருந்த பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். அந்த நாள்களில் தாம் ஒலிப்பதிவு செய்த சங்கொலியையும் வெடியோசையையும் மனிதக் குரல்களையும் கொண்டே பயஸ் 1973-இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்.

போர் முடிந்தபின் அந்தப் பதுங்குகுழி மூடப்பட்டு, அது இருந்த இடம்கூட மறந்துபோயிற்று. 2011-இல் நீச்சல்குளத்தை ஒட்டிய மதுக்கூடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது, துளையிடும் கருவி கெட்டியான கான்கிரீட் கூரை ஒன்றில் முட்டி நின்றது. உள்ளே தேங்கியிருந்த நீரை இறைத்துச் சீர்செய்து, மறு ஆண்டிலேயே அதைத் திறந்துவைத்தார்கள். 2013-இல் பயஸ் திரும்பி வந்து அதற்குள் நின்று பாடினார். நாங்கள் போனபோது ஓட்டல் ஊழியரான ஓர் இளம்பெண் தலைக்கவசம் கொடுத்து எங்களைக் கீழே அழைத்துச் சென்றார். குறுகலான நடை, தாழ்ந்த கூரை, புழுக்கம். மேலே பழச்சாறும் மெத்தை நாற்காலிகளும். விருந்தினருக்குச் சங்கடம் தரக்கூடிய இந்த இடத்தை மறுபடியும் மண்போட்டு மூடிவிடாமல் வைத்திருக்கும் நிர்வாகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஓட்டலே மறைக்காத ஒன்றைப் பயணக் கட்டுரை ஏன் விட்டுவிட வேண்டும் என்பதே என் கேள்வி. ஓட்டலில் தங்காத பொதுமக்களும், குறிப்பாக ஹனோய் பள்ளிப் பிள்ளைகளும், தாராளமாக வந்து பார்க்க வாரத்தில் ஒரு நாளையாவது ஒதுக்கினால் இன்னும் நன்றாயிருக்கும்.

கிரகாம் கிரீனைப் பற்றியும் ஒரு சொல். அவர் 1951-இல் மெட்ரோபோலில் தங்கியது உண்மைதான். ஆனால், 1955-இல் வெளிவந்த அவருடைய வியட்நாம் நாவல் முழுவதும் இங்கேயே எழுதப்பட்டது போன்ற தோற்றத்தைக் கட்டுரை தருகிறது. அந்நாவலின் களம் பெரும்பாலும் சைகோன். அங்குள்ள கான்டினென்டல் ஓட்டலும் கிரீனைத் தன்னுடையவராகவே சொல்லிக்கொள்கிறது. பழைய ஓட்டல்கள் எழுத்தாளர்களுக்காகப் போட்டியிடுவது அவற்றின் வியாபாரம். கட்டுரையாளர் அதில் ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, 2019 பிப்ரவரியில் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் இதே ஓட்டலில் முதல் நாள் இரவு விருந்துண்டு, மறுநாள் உடன்பாடு எட்டாமல், ஏற்பாடாகியிருந்த மதிய உணவையும் விட்டுவிட்டுக் கலைந்ததைச் சொல்லியிருக்கலாம்.

தொடரின் அடுத்த பகுதி சைகோன் கான்டினென்டலைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். 1975-இல் நகரம் வடவியட்நாம் படையிடம் கைமாறியபின் அந்த ஓட்டலுக்கும் அதில் வேலை பார்த்தவர்களுக்கும் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.