திங்கட்கிழமைக் கடிதம்

புரோவோ, யூட்டா
பிப்ரவரி 2026

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மகனைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தினமும் இரவு தவறாமல் போன் செய்கிறான். ஆனால் "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்", "படிக்கிறாயா", "படிக்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை, பிள்ளை எப்படி இருக்கிறான் என்றே தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறாய். வெறும் ஆறுதல் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. என் பக்கத்து வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், கேள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏறக்குறைய நம் வயதுதான். ஐந்து பிள்ளைகள். மூத்தவன் கல்லூரியில் முதல் வருடத்தை முடித்த கையோடு, போன மே மாதம் மார்மன் சபையின் மிஷனரியாகக் கிளம்பிவிட்டான். மார்மன் என்பது ஊர் வழக்கு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரையே சொல்லும்படி 2018இலிருந்து அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. போன இடமெல்லாம் விரட்டப்பட்டு, 1847இல் பிரிகாம் யங் தலைமையில் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள்தாம் எங்கள் தெருவில் பாதிக்கு மேல். ஆண் பிள்ளைகள் 18 வயதுக்கு மேல் இரண்டு வருடம் ஊழியம் செய்வதைக் கடமையாகவே கருதுகிறார்கள். பெண்களும் விரும்பினால் ஒன்றரை வருடம் போகலாம். சம்பளம் கிடையாது. குடும்பம்தான் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 வரை 400 ஆக இருந்தது. இவன் பதினாறு வயதிலிருந்து கடைகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அதில் பாதிக்கு வந்தது.

எந்த ஊர், எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தலைமை முடிவு செய்து அனுப்பும். அந்தக் காலத்தில் பெரிய வெள்ளை உறையில் தபாலில் வருமாம். இப்போது கணினியில் வருகிறது. அதைத் திறந்து படித்த அன்று உறவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, அவரவர் ஊகித்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தியிருந்தார்கள். பாட்டி நார்வேயில் குத்தியிருந்தார். அவன் எழுந்து நின்று "பிலிப்பைன்ஸ், செபு மிஷன்" என்று வாசித்தான். கூடம் முழுக்க ஆரவாரம். அவன் அம்மா மட்டும் வரைபடத்தின் அருகே போய், அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

மிஷனரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய மையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 50க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தருகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் வாரம் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் படித்தான். அதன்பின் ஆறு வாரம் அங்கேயே தங்கி, செபுவில் பேசும் செபுவானோ மொழியைக் கற்றான். அந்த ஆறு வாரமும் அவன் வீட்டுக்கு வரக் கூடாது. வீட்டாரும் போய்ப் பார்க்கக் கூடாது. கொண்டுபோய் விடுவதும் சாலையோரத்திலேயே முடிந்துவிடுகிறது. கார் நின்றதும், முன்பே சேர்ந்த ஒரு மிஷனரி வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறான். பின்னால் அடுத்த குடும்பத்தின் கார் காத்திருக்கிறது. ஒருமுறை கட்டிக்கொள்ளத்தான் நேரம். "காய்கறி வாங்கப் போகும் வழியில்தான் அந்த மையம் இருக்கிறது. ஆறு வாரமும் சுற்றுவழியில் போனேன்" என்றாள் அவள். கடல் கடந்து போய்விட்டால் தாங்கிக்கொள்ளலாம். கூப்பிடு தொலைவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று நினைத்துப் பார்.

செபுவில் அவன் வாழ்க்கை கண்டிப்பான கால அட்டவணைக்குள் நடக்கிறது. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குள் படுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மார்பில் கறுப்புப் பெயர் வில்லை. எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். கூட்டாளி யார் என்பதையும் மேலே இருப்பவர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊரோ கூட்டாளியோ மாறலாம். அவனுடைய முதல் கூட்டாளி மிண்டனாவோ தீவைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். இவனுக்குக் கையால் துணி துவைக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். வாளியில் தண்ணீர் பிடித்து மொண்டு குளிப்பதைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தான். நம் விடுதிக் குளியலறை வரிசையை நான் சொன்னதும், அவளுக்கு அது ஒரு தைரியம்.

ஒருநாள் கைப்பேசியுடன் என் வாசலுக்கே வந்துவிட்டாள். மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான்: ஒரு வீட்டில் அவனுக்குப் பரிமாறிய கோழி சூப், அதில் இஞ்சி, பச்சைப் பப்பாளித் துண்டுகள், மேலே சின்னச் சின்னப் பச்சை இலைகள். "இந்த இலையைத்தான் வாரம் முழுக்கச் சாப்பிடுகிறானாம். உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, முருங்கைக்கீரை! இந்தியக் கடையில் உறையவைத்த கீரை ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்பில் அதே சூப் கொதித்தது. காம்புகளை ஆயாமல் அப்படியே போட்டுவிட்டாள். கடைசிப் பிள்ளை ஒவ்வொரு காம்பாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினான். ஆனாலும் அண்ணன் சாப்பிடுவதைத்தான் நாமும் சாப்பிடுகிறோம் என்று எல்லோரும் முழுதாகக் குடித்தார்கள்.

இனி உனக்கு முக்கியமான விஷயம். மிஷனரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் சொந்த வேலைகளுக்கு, பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, சாமான் வாங்குவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்றுதான். 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்தில் இரண்டே தடவைதான் வீட்டாருடன் பேசலாம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம், முகம் பார்த்தே பேசலாம். அங்கே திங்கள் காலை என்றால் இங்கே ஞாயிறு மாலை. ஐந்து மணிக்கே அந்த வீட்டில் எல்லோரும் குளித்துத் தலைவாரிக் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பேச்சு வந்துவிட்டது என்பதற்காகக் கடிதம் நின்றுவிடக் கூடாது என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அவள் கணவர் 1990களில் பிரேசிலில் ஊழியம் செய்தவர். அவர் எழுதிய கடிதங்களை மாமியார் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். திருமணமான புதிதில் அவற்றைப் படித்துத்தான் தன் கணவரைப் புரிந்துகொண்டேன் என்கிறாள். போனில் மற்ற நான்கு பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு பேசுகிறார்கள், நாய் குரைக்கிறது, அவன் சிரிக்கிறான், நேரம் முடிந்துவிடுகிறது. கடிதத்தில் அப்படி இல்லை. அவன் இரண்டு கடிதம் எழுதுகிறான். ஒன்று உறவினர், நண்பர், சபையார் எல்லோருக்கும் போவது. அதில் எல்லாம் நலமாகவே இருக்கும்: வாசலில் நின்று குரல் கொடுத்ததும் நாற்காலி எடுத்துப் போட்ட பாட்டி, பெரியவர்களின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து வணங்கும் குழந்தைகள், புளி போட்ட மீன் சூப். இன்னொன்று அம்மாவுக்கு மட்டும். அதில்தான் உண்மையான வாரம் இருக்கிறது. ஒரு வாரம் முழுக்க ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை என்றும், கூட்டாளியோடு இரண்டு நாள் பேசவில்லை என்றும், மொழி வராமல் நடுவில் வாயடைத்து நின்றதாகவும் எழுதுவான். இவள் உடனே புத்தி சொல்லி எழுதுவதில்லை. கேள்விதான் கேட்கிறாள். "அந்தக் கூட்டாளி எதற்குக் கோபப்படுவான்? அவன் அம்மா என்ன செய்கிறார்?" அடுத்த திங்கட்கிழமை பதில் வருகிறது. அந்தப் பையன் வீட்டில் சரியான சிக்னல் கிடையாது, திங்கட்கிழமைகளில் அவனுக்குப் பேச ஆள் இருப்பதில்லை என்பது இப்படித்தான் தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவனையும் திரைக்கு அழைத்து நலம் விசாரித்தாள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். தினமும் பேசுகிறவனுக்குச் சொல்ல ஒன்றும் சேர்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுத வேண்டும் என்றால், ஏழு நாளையும் திரும்பிப் பார்த்து, எது அம்மாவுக்குச் சொல்லத் தகுந்தது என்று அவன் யோசித்தாக வேண்டும். உன் பிள்ளையிடம் கேட்டுப் பார். முதலில் நீ எழுது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே; அறைத் தோழன் எந்த ஊர், எதற்குச் சிரிப்பான் என்று கேள்.

செப்டம்பர் 30ஐ என்னால் மறக்க முடியாது. செபுவின் வடக்கே போகோ நகரத்தருகில் 6.9 அளவில் நிலநடுக்கம். அங்கே இரவு பத்து மணி, இங்கே காலை எட்டு. அவள் தன் வீட்டு வாசற்படியில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நல்லவேளையாக, அவன் நலம் என்று அன்றே தகவல் வந்துவிட்டது. எழுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஐந்து வாரத்துக்குள், நவம்பர் 4 அன்று, கல்மேகி புயல் அதே தீவில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. செபுவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி. அந்த வாரம் எல்லோருக்குமான கடிதம் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் சில வரிகள். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு வீடு வீடாகச் சேறு அள்ளுகிறோம், நாற்காலி போட்ட பாட்டியின் வீட்டில் கூரை மட்டும்தான் மிஞ்சியது, பாட்டி உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருந்தான். அதை அவள் எனக்குப் படித்துக்காட்டவில்லை. கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவும் மதம் மாற்றத்தானே என்று நீ கேட்பாய். ஆம், அதுதான் நோக்கம். அவர்கள் அதை மறைப்பதும் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவரவர் கும்பிடும் தெய்வம் அவரவர்க்குப் போதும் என்பதே என் எண்ணம்; இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் முகம் சுளிக்கவில்லை. காப்பி, தேநீர் அவர்கள் குடிப்பதில்லை என்பதால் நான் மோர் கொடுக்கிறேன். அதைக் குடித்துக்கொண்டே எங்கள் வீட்டு முருகன் படத்தைப் பற்றிக் கேட்கிறாள். என் மனம் நிற்பது அந்தப் பையனிடம்தான். பத்தொன்பது வயதில், காசு வாங்காமல், தெரியாத மொழியில், நாள்தோறும் வாசல் வாசலாக நின்று "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் ஆறரைக்கு எழுகிறானே, அந்த உறுதியை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லோராலும் அது முடிவதில்லை. எங்கள் பக்கத்திலேயே ஒரு பையன் மனச்சோர்வு தாங்காமல் சில மாதங்களில் திரும்பிவிட்டான். இரண்டு வருடம் முடித்து வருகிறவர்களுக்கு விமான நிலையத்தில் வரவேற்புப் பதாகையோடு ஒரு கூட்டமே காத்திருக்கும். அவனை அழைத்துவர அப்பா மட்டும் போனார். யாரும் தவறாக ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் காரணம் கேட்டார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டான். என் பக்கத்து வீட்டுக்காரி அவனை வீட்டுக்கு அழைத்து, தன் மகனின் கடிதங்களில் வரும் செபுவானோ ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் குறித்துத் தரச் சொன்னாள். அவனும் பிலிப்பைன்ஸில் இருந்தவன்தான். இப்போது வாரந்தோறும் வருகிறான். மகன் நடுவிலேயே திரும்பினாலும் அவனை வாசலில் நின்று வரவேற்பேன் என்று அவள் என்னிடம் சொன்னது அதன்பிறகுதான். அந்த வாரமே அதைக் கடிதத்திலும் எழுதிவிட்டாளாம். அவன் பதில் எழுதியிருக்கிறான்: "தெரிந்தது நல்லது, அம்மா. நான் இருக்கிறேன்."

அடுத்த ஆண்டு மே மாதம்தான் அவன் திரும்புவான்.

எங்கள் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு அலுவலகம் லீஹை ஊருக்கு மாறிவிட்டது. பொங்கலுக்குச் சவுத் ஜோர்டனில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தோம். ஜூலையில் ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டோம். உனக்குப் பள்ளியில் எந்த வாரம் விடுப்புக் கிடைக்கும் என்று எழுது. அதை வைத்து மதுரைக்கு வரும் தேதியை முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி