பிடியரிசி

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளை லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் போனில் நீ பேசியது மனதை விட்டுப் போகவில்லை. "ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்தால் கண் எரியுதும்மா. வேதத்தைத் திறந்தால் ஒரு வசனம்கூட உள்ளே போக மாட்டேங்குது. அன்றைக்குக் கன்வென்ஷன் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டு என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேனே, அதெல்லாம் பொய்யாப் போச்சா?" என்று கேட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. போனில் யோசித்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

அந்த ராத்திரி பொய்யில்லை. நீ அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு ஆயுசு முழுவதும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தாய் பார், அங்கேதான் தடுமாறுகிறாய். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆகாரமாக விழுந்த மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தபோது அது பூச்சிபிடித்து நாறிப்போனது. விழுந்தது வானத்திலிருந்துதான், ஆனாலும் மறுநாளுக்கு நிற்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள், லூக்காவும் எழுதியிருக்கிறார். லூக்கா 9:23ஐ எடுத்துப் பார். "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்றிருக்கும். அந்த "அனுதினமும்" லூக்காவில் மட்டும்தான் வருகிறது. அவர் வைத்தியர். ஒரு நாள் மருந்து கொடுத்தால் தீராத நோயாளிகளை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! இது என் யோசனைதான், எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. உனக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும்.

உன் ஆச்சியின் மண் கலயம் ஞாபகம் இருக்கிறதா? அடுப்படி மூலையில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் இருக்கும். தாத்தா பனையேறிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் ஏழு வயிறு. பல நாள் கஞ்சிதான். அரிசி இருக்கிற நாளில் ஆச்சி சுளகில் அளந்து கொட்டுவார்கள், களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கலயத்தில் போடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி பையோடு கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவதைப் பார்க்க நீ ஓடுவாய்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் என்ன செய்தேன் தெரியுமா? எத்தனை பேர், எத்தனை உழக்கு என்று கணக்குப் பார்த்து உலையில் போட்டுவிட்டு, சுளகின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்துக் கலயத்தில் போடுவேன். ஆச்சி ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திட்டவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து, அளந்த அரிசியின் மேலே வைத்து, "முதல்ல எடு தாயி. பிறகு உள்ளதை வச்சு வேகவை" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. குறையாதா என்றுதான் யோசித்தேன். குறையத்தான் செய்தது. ஆச்சிதான் கடைசியாக உட்கார்ந்து, இருந்ததைச் சாப்பிட்டார்கள்.

பாப்பா, ஒரு மணி நேர ஜெபத்தை இப்போது உன்னிடம் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் ஆண்டவர் உழக்கு உழக்காகவா கேட்பார்? ஒரு பிடி போதும், ஆனால் முதலில் எடு. ரூமுக்கு வந்ததும் நீ போனைத்தான் எடுக்கிறாய். எனக்குத் தெரியும், உன் வாட்ஸ்அப்பில் "ஆன்லைன்" என்று காட்டுவதை நானும் பார்க்கிறேனே. அதை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பிடியை எடு. 134ஆம் சங்கீதத்தை வாசி. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று அதில் வருகிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து நிற்கிறவர்களுக்கென்றே வேதத்தில் ஒரு சங்கீதம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உன் முகம்தான் கண்ணில் வந்தது.

டியூட்டியில் இருக்கும்போதும் வழியில்லாமல் இல்லை. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகுமுன் கை கழுவுவாயே, அந்த நேரத்தில் அந்தக் கட்டிலில் இருக்கிறவருக்காக ஒரு வரி சொல். சத்தம் வேண்டாம். அவர் எந்த நாட்டுக்காரரோ, எந்த மார்க்கமோ, அது உனக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கட்டும்.

அப்புறம் அந்தச் சம்பந்தம் கலைந்த காரியம். "சரிம்மா, தேவ சித்தம் எதுவோ நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். வார்த்தை பக்தியாகத்தான் இருந்தது, குரல் அப்படி இல்லை. உனக்கு வருத்தமும் கோபமும் இருக்கிறது. அதை ஆண்டவரிடம் அப்படியே சொன்னாயா? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசுவே முதலில் கேட்டாரே, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று. முழங்கால்படியிட்டுக் கேட்டார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழக் கேட்டார். கேட்ட பிறகுதான் "ஆயினும் உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். நீ கேட்காமலே "ஆயினும்" என்கிற இடத்துக்குத் தாவப் பார்க்கிறாய். போய்க் கேள். "எனக்கு இது வேண்டும் என்றிருந்தது, ஏன் எடுத்துக்கொண்டீர்?" என்று கேள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதைச் சொல்கிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், உன்னிடம் ஒரு காரியத்தை மறைத்திருக்கிறேன். அப்பா படுக்கையில் இருந்த அந்த மூன்று மாதம், நீ நர்சிங் இரண்டாம் வருஷம். போன் பண்ணும்போதெல்லாம் "ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பேன். அது முழு உண்மையில்லை. கோயிலில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது, "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். ஆகாரம் கேட்கிற வரி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வேன். அந்த ஒரு வரியைச் சொன்னால் அப்பாவை நானே அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. அந்த மூன்று மாதமும் கலயம் காலியாகவே கிடந்தது.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போய், நீயும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒருநாள் காலையில் பழக்கத்தில் ரெண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டேன். பார்த்தேன். ஒரு ஆளுக்குரியதைத் திரும்பச் சாக்கில் கொட்டப் போனவள், என்னை அறியாமல் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டேன். ஸ்தோத்திரம் என்று சொல்ல வரவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, உலை கொதித்து அடங்கும்வரை அழுதேன். மறுநாளும் ஒரு பிடி போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். மனசு பின்னால்தான் வந்தது, அதுவும் மெதுவாக. அந்த வரியை நான் வாய்விட்டுச் சொன்னது அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், ஒரு புதன்கிழமை சாயங்கால ஆராதனையில். குரல் உடைந்துதான் சொன்னேன்.

அந்த வருஷம்தான் சபைப் பெண்கள் சங்கத்தாரோடு திருநெல்வேலிப் பக்கம் டோனாவூருக்குப் போயிருந்தேன். அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, திரும்பிப் போகவே இல்லை. இந்துக் கோயில்களில் விடப்பட இருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் விழுந்து கால் முறிந்தது. தம்மை ஊழியத்துக்கு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி அன்று காலையில்தான் ஜெபித்திருந்தார்களாம். அந்த ஜெபத்தால்தான் விழுந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கர்த்தர் அப்படிப்பட்டவரில்லை. ஆனால் அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அதுவரை ஓடி ஓடிப் பிள்ளைகளைத் தூக்கியவர்கள் படுக்கையில் இருந்தபடியே எழுதினார்கள், பிள்ளைகளுக்காக ஜெபித்தார்கள். நேற்று கொடுக்க முடிந்தது இன்றைக்கு முடியவில்லை, சரி, இன்றைக்கு இருப்பதைக் கொடுப்போம் என்றுதான் ஒவ்வொரு நாளும் விடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மரங்களுக்கு நடுவே, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். நான் நெடுநேரம் அங்கே நின்றேன். அப்பா போன பிறகு எனக்கு அழுகையில்லாத முதல் ஜெபம் அங்கே வந்தது.

நீ டியூட்டி முடிக்கும்போது ஹேண்டோவர் கொடுப்பேன் என்பாயே. எந்த நோயாளிக்கு என்ன மருந்து, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவாய். படுக்குமுன் ஆண்டவரிடமும் அப்படியே செய். மொத்தமாக "எல்லாத்தையும் பார்த்துக்கும்" என்று சொல்லிவிடாதே. பேர் பேராகச் சொல். வீட்டுக் கடன், அந்த மாப்பிள்ளை வீட்டார், உன் சூப்பர்வைசர், என் முழங்கால், எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத் தூங்கு. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை. அவருக்கு நைட் டியூட்டி புதிதல்ல.

வெள்ளிக்கிழமை ஆராதனையை மட்டும் விட்டுவிடாதே. டியூட்டி மாற்றிக் கேட்க வேண்டியிருந்தாலும் கேள். தனியாகப் பாட வராத நாளில் பக்கத்தில் நிற்கிறவர்களின் குரலோடு சேர்ந்துகொள்ளலாம்.

பொட்டலத்தில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வைத்திருக்கிறேன். தொண்டைக்கு நல்லது, கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. இந்த மாத டியூட்டி லிஸ்ட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பு. அங்கே நீ ஏழு மணிக்கு ஹேண்டோவர் கொடுக்கும்போது இங்கே ஒன்பதரை. அந்த நேரத்தில் உலையை இறக்கி வைத்துவிட்டு நானும் உட்காருகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா