ஆபீஸ் விலாசத்துக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைத்துப் பேசுகிறாய், அதனால்தான் கடிதம். வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது. ஆனாலும் கருப்பட்டி டப்பாவை நான் ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. வேறு விசேஷம் இல்லை.

மேலத்தெரு டெய்லர் அக்கா மகள் ஆடி மாதம் பிள்ளையோடு வந்துவிட்டாள், தெரியுமா? வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. நான்தான் அவளைப் பாளையங்கோட்டை கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு நாள் அலைந்து வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். மேஜையில் இருந்த பெண் அதை எங்கள் பக்கமே தள்ளிவிட்டாள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்ப்பதில்லையாம். 1987-ம் வருஷத்துச் சட்டத்திலேயே அப்படித்தானாம். சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கும் அப்படித்தானா என்று இரண்டு தடவை கேட்டேன். அப்படித்தான் என்றாள். தையல் மிஷின் மிதிக்கிற பிள்ளைக்காக இந்த அம்மா எதற்கு இதைக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

மனு எழுதிக் கொடுத்ததும் வக்கீல் போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு நாம் பீஸ் கொடுக்க வேண்டாம். முதலில் வந்தவர் செலவுக்கென்று ஐநூறு கேட்டார். இவள் போய்ச் சொன்னதும் ஆளை மாற்றிவிட்டார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு மனு, அதிலேயே பிள்ளையை வைத்துக்கொள்ளவும் மாதச் செலவுக்கும் கேட்டிருக்கிறது. அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். இவளுக்கு ஏழு வாய்தா ஆகிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அலைச்சல்தான். ஆனால் இடைக்காலமாகப் பணம் வர ஆரம்பித்திருக்கிறது.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்றுதான் அவளுக்குப் பயம். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருஷத்துச் சட்டத்தில் இருக்கிறது என்றார் வக்கீலம்மா. அதற்குமேல் வயதானாலும் பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட் பார்க்குமாம், யாரிடம் பணம் அதிகம் என்றல்ல. நம் குட்டிக்கு ஆவணியில்தானே ஐந்து முடிகிறது?

பொங்கலுக்கு வந்தபோது உன் காதில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தாய். தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். இருபத்தெட்டு வருஷம் ஒத்துக்கொண்ட தங்கம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. அப்பா தண்ணீர் கேட்டுச் சத்தம் போட்டதும் குட்டி ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் வம்சத்திலேயே முதலில் பி.காம் முடித்தவள் நீ. ரேஷன் கடையில் தப்பாகப் போட்ட பில்லைப் பத்து வயதில் திருத்தியவள். இப்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கணக்குப் பார்க்கிறாய்.

சொல்லமாட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராத்திரி பதினொரு மணிக்குப் பையோடு வந்து நின்றாய். மறுநாள் காலையில் இரண்டு கிலோ முறுக்கைக் கட்டிக் கொடுத்து, கோயம்புத்தூர் பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். ஊரார் கேட்டால் கோயில் கொடைக்கு வந்துவிட்டுப் போகிறாள் என்றேன். பஸ் கிளம்பியபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறக்கியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நீ பார்த்திருந்தாலும் கையைத்தான் ஆட்டியிருப்பேன்.

டெய்லர் அக்கா மகளோடு நான் ஏழு வாய்தாவுக்கும் எதற்குப் போனேன் என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, குட்டியின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கம்மல் அடகுச் சீட்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஆபீஸிலேயே வை. வீட்டில் வைக்காதே. 15100 சட்ட உதவிக்கு, 181 பெண்களுக்கு, இரண்டும் இலவசம். வேறு பெயரில் பதிந்துகொள். வீட்டில் வைக்காதே என்று சொன்னேன் அல்லவா, மறக்காதே.

இன்னொன்று. அந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்திலும் போடலாமாம். அதையும் கேட்டு வைத்தேன்.

மேல் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறோம். கரையான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்க் குட்டிக்கு மெத்தை வாங்கி வந்தார்.

தடுப்பூசி அட்டையை மறக்காதே.

அம்மா